நாயைக் கொடுத்துவிடுங்கள் என்றாயே

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை போனில் நீ, "முதல்ல நாயையும் பூனையையும் யாருக்காவது குடுத்துடுங்கம்மா, அப்புறம் வீட்டை விக்கலாம்" என்றாய் இல்லையா, அப்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். போனை வைத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். போனில் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதைத்தான் தரகரும் சொன்னார். "நாய் இருந்தா பாதிப் பேர் கேட்டோட திரும்பிடுவாங்க டீச்சர்." அதில் தப்பும் இல்லை. வெள்ளையன் ராஜபாளையம், 2005இல் தபால்தலையில் வந்த இனம் என்று அப்பா எல்லோரிடமும் பெருமை அடிப்பார். வீடு பார்க்க வருகிறவருக்கு அதெல்லாம் எதற்கு? அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு, இவனுக்கும் ஒரு காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். கேட் திறக்கிற சத்தம் கேட்காமல் அசந்து தூங்குவான். கண் விழித்ததும் எதிரே புதுமுகம் நின்றால் வீடே அதிரும்.

அதனால் தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடி போன் பண்ணாமல் யாரையும் கூட்டிவரக் கூடாது. போன் வந்ததும் அப்பா அவனை அரசலாற்றங்கரைக்கு அழைத்துப் போய்விடுவார். சங்கிலி, தட்டு, படுக்கிற சாக்கு எல்லாம் கார் டிக்கிக்குள். நடை அப்பாவுக்கும் நல்லதாகப் போயிற்று.

நாயை வெளியே அனுப்பிவிடலாம். வாடையை என்ன செய்வது? இத்தனை நாளும் நம் வீட்டில் வாடையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனி மாதக் கடைசியில் மாயவரம் சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்து கதவைத் திறந்தேனே, அப்போது தெரிந்தது. ரேழியிலேயே நின்றுவிட்டேன். பத்து நிமிஷத்தில் பழகிப்போய் ஒன்றுமே தெரியவில்லை, மூக்கு அப்படித்தான். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வருகிறவன் விலையை முடிவு செய்கிறான்.

ஆடியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். நம் பூனை சுண்டு எங்கே எங்கே மூத்திரம் அடித்து வைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை மளிகைக் கடையில் இரவல் வாங்கி, ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கூடத்தில் சுற்றினேன். காய்ந்த மூத்திரம் அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்று தெரியும். பூஜை அறை வாசல் ஓரம் ஒன்று, உன் புத்தக அலமாரிக்குப் பின்னால் இரண்டு, தொட்டி முற்றத்துத் தூணைச் சுற்றி ஒரு வட்டம். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். காலையில் எழுந்து பார்த்த அப்பா, "போலீஸ் வந்துட்டுப் போச்சா?" என்றார்.

முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவள் என்பதால் இதைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. தரை விரிசலில் படிகமாக உட்கார்ந்துகொள்ளும், ஈரம் பட்டதும் மறுபடி நாறும். வேலைக்கு வரும் அக்கா பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொண்டு வந்தாள். அது மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் விஷப்புகை வரும், கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். பினாயிலும் வேண்டாம் என்றேன், பாதத்தில் பட்டதைப் பூனை நக்கினால் அதற்கு விஷம். பாச்சை உருண்டையும் அப்படித்தான். வினிகர் போடலாம் என்றால் நம் சிவப்பு ஆக்சைடு தரையின் மினுமினுப்பைத் தின்றுவிடும். உன் தாத்தா காலத்துத் தரை, மனசு வரவில்லை. கடைசியில் உன் அக்கா சென்னையிலிருந்து என்சைம் கலந்த திரவம் வாங்கி அனுப்பினாள். ஊற்றியவுடனே துடைக்கக் கூடாது. ஈரத்துணி மூடி ராத்திரி முழுக்க ஊற விட்டேன். தூண் பக்கம் மட்டும் மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. தரை காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், பழைய நிறம் வந்தது.

பெயிண்டர், "மேல ரெண்டு கோட் அடிச்சா போதும்" என்றார். சுவரைக் கழுவிக் காயவிட்டு, ஆயில் பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்டைத் திறக்க விட்டேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் அடித்தார்.

உண்ணி மருந்து அடிக்க வந்த பையனிடம்தான் ஒரு கண்டம் தப்பியது. சுவர் வெடிப்பில்தான் உண்ணி முட்டை வைக்கும், மருந்து அடித்தே ஆக வேண்டும். என்ன மருந்து என்று கேட்டால், "நாய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான். டப்பாவை வாங்கிப் படித்தால் பெர்மெத்ரின். நாய் தாங்கும், பூனைக்கு அது எமன். சுண்டுவைக் கூடையில் போட்டு எதிர்வீட்டு மாடியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். தரை காய்ந்து, இரண்டு தடவை துடைத்த பிறகுதான் உள்ளே விட்டேன்.

கொல்லைக் கதவுக் கீறலுக்கு ஆசாரி மக்கு வைத்து பாலிஷ் போட்டார். பார்த்தால் தெரியவில்லை, தடவினால் தெரிகிறது.

ஆவணி பிறந்து ஆறு குடும்பம் வந்து பார்த்தது. சாம்பிராணி போடலாம் என்றார் அப்பா, நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனை தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். ஆறாவதாக வந்தவர் பேங்க்கில் வேலை பார்க்கிறவர், வயதான அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து மழை. அந்த அம்மா நேராகத் தூணிடம் போய்க் குனிந்தார். "பூனை இருந்துச்சோ?" மூன்று தடவை ஊறவைத்த இடம்!

இருக்கிறது, நாயும் இருக்கிறது, வெளியே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தரகர் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த அம்மாவோ, "பூனை இருந்த வீட்டுல எலி இருக்காது, எலி இல்லாட்டி பாம்பு வராது" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடியைப் பார்க்கப் போய்விட்டார். மகன் மட்டும் விடவில்லை. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் எங்கள் தலையில்தானே என்று ஆரம்பித்து, தரையைக் காட்டி ஐம்பதாயிரம் குறைத்தார். கொடுத்தேன். சுண்டு வைத்த செலவு என்று கணக்கு எழுதிக்கொள்.

ஒப்பந்தம் போட்டாயிற்று, மூன்று மாதம் அவகாசம். தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளமாகப் பார்க்கிறாள். நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அது வேறு பேச்சு. வெள்ளையன் எங்களோடு காரில் வருகிறான். அதில் இனி பேச ஒன்றும் இல்லை.

பூனை விஷயம்தான் உன்னைக் கேட்க வேண்டும். நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு இருக்கும் என்பார்கள். அந்த அம்மா, "விட்டுட்டுப் போனா நான் சோறு வெப்பேன்" என்றார். கிணற்றடி, மாமரம், ஓட்டுக்கூரை எல்லாம் சுண்டுவுக்குப் பழக்கம். தாம்பரத்தில் முதல் இரண்டு வாரமாவது ஒரே அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் வயதாகிவிட்டது. ஆனால் காலேஜ் படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் நீ. நானாக முடிவு பண்ண மாட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கூடையைக் கூடத்திலேயே திறந்து வைத்திருக்கிறேன். பழகினால் பயணத்துக்கு ஆகும். இப்போதைக்கு மத்தியானத் தூக்கம் அதற்குள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல். அப்பாவிடம் வெள்ளையன் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
அம்மா