விதைக் கடையில் கேட்பதும் வயலில் நிற்பதும்

பாளையங்கோட்டை
கார்த்திகை, 2025

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. சேரன்மகாதேவி வயலில் பிசான நடவை முடித்துவிட்டு, அப்பா இரண்டு நாளாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தைலம் தேய்த்துவிட்டேன், நீ கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசின குரல் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. "யம்மா, ரூபி வருஷா வருஷம் கீழ போய்ட்டு இருக்கு. பதினோரு வருஷம் வீணாப் போச்சோ?" என்று கேட்டாய். நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் மொழியான ரூபி, எந்த மொழிக்கு எவ்வளவு மவுசு என்று சொல்லும் பட்டியல்களில் சரிகிறதே என்ற பயம் உனக்கு. அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நீ சொன்ன பட்டியல்களை எல்லாம் சாயங்காலம் சாயங்காலம் பள்ளிக்கூட லேபில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில், அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்தாயா? டயோபி என்பது ஒரு நெதர்லாந்துக் கம்பெனி 2001 முதல் மாதாமாதம் போடும் பட்டியல். மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்று சேர்த்துத் தேடினால் தேடுபொறிகளில் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு மொழிக்கும் விழுக்காடு போடுகிறார்கள். 2004 ஏப்ரலில் கூகுள் தன் தேடலில் குப்பைப் பக்கங்களைக் களையெடுத்தது. உடனே பட்டியலில் ஜாவாவும் சி++-உம் சடாரென்று சரிந்தன. ஜாவாவில் வேலை பார்த்தவர்கள் மறுநாளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பி.ஒய்.பி.எல். என்று இன்னொரு பட்டியல். அது கூகுளில் எந்த மொழிக்கு அதிகம் பேர் டுடோரியல் தேடுகிறார்கள் என்று எண்ணுகிறது. பாடம் தேடுகிறவன் யார்? இனிமேல்தான் படிக்கப் போகிறவன். நீ எப்போதாவது 'ரூபி டுடோரியல்' என்று தேடியிருக்கிறாயா? அந்தக் கணக்கில் நீ இல்லவே இல்லை, மக்கா.

சின்ன வயசில் அப்பாவோடு விதைக் கடைக்குப் போவாயே, ஞாபகம் இருக்கிறதா? கார் பருவம் தொடங்கும் முன்னால் கடைக்காரர், "இந்த வருஷம் எல்லாரும் இதைத்தான் கேக்காங்க" என்று ஒரு புது ரகத்தை எடுத்துப் போடுவார். அப்பா கேட்டுக்கொள்வார்கள். ஆனால் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, வரப்பில் இறங்கி, யார் வயலில் என்ன நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வீடு வருவார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16-ஐ வெளியிட்டது 1986-இல். அதைப் பற்றிக் கடையில் விளக்கம் கேட்கிறவர் யாரும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த ரகம். குதிரில் நெல் இருக்கும், நம் வீட்டு இட்லிக்கும் அதுதான் அரிசி. கடையில் விசாரிப்பது ஒரு கணக்கு, வயலில் நிற்பது வேறு கணக்கு. நீ பயப்படுகிற பட்டியல்களில் பாதி, கடை விசாரிப்பை எண்ணுகிறவை.

கிட்ஹப் என்பது புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் தளம். அதன் கணக்கு கொஞ்சம் மேல். அது தன்னிடம் வந்து சேரும் உண்மையான வேலையை எண்ணுகிறது. 2024-இல் அங்கே பைத்தான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது. இந்த ஆகஸ்டில் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதே டைப்ஸ்கிரிப்ட் டயோபியில் முதல் பத்துக்குள்கூட இல்லை! இரண்டும் ஒரே வருஷத்துக் கணக்கு. எனக்கு மனசு நிறைந்த விஷயம் வேறொன்று. அந்தக் கிட்ஹப் தளமே, ரூபியில் எழுதின ரூபி ஆன் ரயில்ஸ் என்ற கருவியை வைத்துக் கட்டினது. உன் மொழி தராசைத் தாங்கி நிற்கிறது, நீ தட்டில் அதன் எடை குறைந்துவிட்டதே என்று அழுகிறாய்.

சின்ன மாமாவைப் பார். 2003-இல் விபி 6 என்ற மைக்ரோசாஃப்ட் மொழியில் ஒரு பில் போடும் புரோகிராம் எழுதி, டவுனில் ஒரு பாத்திரக் கடைக்குக் கொடுத்தான். மைக்ரோசாஃப்ட் 2008-லேயே விபி 6-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. போன மாதம் நான் அங்கே இட்லிக் கொப்பரை வாங்கினேன், அதே நீலத் திரையில்தான் பில் போட்டார்கள். 2020-இல் கொரோனா நேரம், அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஆளுநர் டிவியில் வந்து, கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் இருந்தால் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் கம்ப்யூட்டர்கள் அந்தப் பழைய மொழியில் ஓடிக்கொண்டிருந்தன. கோபால் பிறந்தது 1959-இல், எனக்கு மூத்தது.

கோபால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அதைப் படித்தபோது கோடிங் ஷீட் என்ற கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதிக் காட்ட வேண்டும். எட்டாவது கட்டத்தில் தொடங்க வேண்டிய வரி உண்டு, பன்னிரண்டாவதில் தொடங்க வேண்டிய வரி உண்டு. ஒரு கட்டம் தள்ளினால் தப்பு. அப்புறம் வகுப்பில் வருஷக்கணக்காக சி++ நடத்தினேன். இடைவெளி எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை, அடைப்பும் அரைப்புள்ளியும் சரியாக இருந்தால் போதும். 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் வந்தது. என் வயசு உனக்குத் தெரியும். ஒரு கோடை விடுமுறை முழுவதும் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன், நீயும் போனில் சொல்லிக் கொடுத்தாய்.

பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை, வரியை உள்ளே தள்ளி எழுதித்தான் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த உள்தள்ளல்தான் பெரிய பாடு. கம்ப்யூட்டரில் தட்டும்போது சரியாக வந்துவிடும். விடைத்தாளில் கையால் எழுதும்போது எல்லா வரியும் ஓரக்கோட்டை ஒட்டியே போய் நிற்கும். எந்த வரி எதற்குள் இருக்கிறது என்றே தெரியாது, மார்க் போய்விடும். எனக்குக் கோடிங் ஷீட் ஞாபகம் வந்தது. "ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி எழுது, அதற்குள்ளே இன்னொன்று வந்தால் இரண்டு விரல்" என்றேன். ஒரு பெண் நோட்டில் இடது கை விரலை வைத்து அளந்து அளந்து எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷம் என் வகுப்பில் உள்தள்ளலுக்காக மார்க் இழந்தவர்கள் மிகக் குறைவு. முப்பது வருஷத்துக்கு முந்தைய பென்சில் கட்டம் எனக்குப் பைத்தானில் வந்து உதவும் என்று யார் நினைத்தார்கள்?

அந்தப் பைத்தானே 1991-இல் வந்தது. ஜாவாவைவிட நாலு வருஷம் மூத்தது. டயோபியில் முதலிடத்தைத் தொட்டது 2021 அக்டோபரில்! கணக்குப் போடுகிற விஞ்ஞானிகள் அதில் ஏற்கெனவே நம்பை போன்ற கருவிகளைச் செய்து வைத்திருந்தார்கள், செயற்கை நுண்ணறிவு அலை வந்தபோது அந்தக் கருவிகள் கைக்கு வாகாக இருந்தன. முப்பது வருஷம் காத்திருந்த மொழி அது. உன் ரூபியைத்தான் 2006-இல் இதே டயோபி அந்த வருஷத்து மொழி என்று அறிவித்தது.

பட்டியல் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்கும் கம்பெனிக்காரன் ஆள் எளிதில் கிடைக்கும் மொழியைத்தான் எடுப்பான். அதைப் பார்த்துப் பிள்ளைகள் அதையே படிப்பார்கள், ஆள் இன்னும் பெருகும். அந்த ஓட்டம் உண்மை, அது இப்போது ரூபி பக்கம் இல்லை. அதனால் பைத்தானையோ டைப்ஸ்கிரிப்டையோ படி, நன்றாகப் படி. ஆனால் இருக்கிற வேலையை உதறிவிட்டு, பயந்துபோய், ராத்திரி தூங்காமல் படிக்காதே.

அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். மூன்று மாதம் பெங்களூரு வேலை விளம்பரங்களை நீயே எண்ணு. ரூபிக்கு எத்தனை என்று மட்டும் பார்க்காதே. அனுபவம் இல்லாதவனைக் கேட்பது எத்தனை, பத்து வருஷக்காரனைக் கேட்பது எத்தனை என்று தனித்தனியாக எழுதி வை. உனக்கு வேண்டியது இரண்டாவது எண், அது எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. அப்பா வரப்பில் இறங்கிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வா.

பொங்கலுக்கு லேப்டாப்பைக் கொண்டு வா. நீ ரூபியில் எழுதினதில் உனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை எனக்கு வரி வரியாகக் காட்ட வேண்டும், நான் இதுவரை பார்த்ததில்லை. பரணிலிருந்து என் கோடிங் ஷீட் கட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன், நீயும் பார்க்கலாம். மருமகளுக்குப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கியாயிற்று. ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? சீக்கிரம் போடு.

அன்புடன்,
அம்மா