ரப்பர் கப்ளிங் முறுக்கை விழுங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார்களுக்குப் பெரிய டர்போ டீசல் எஞ்சின் ஏற்றுகிறவர்கள், "ப்ரொப்பெலர் ஷாஃப்டில் ரப்பர் கப்ளிங் போட்டால் போதும், முறுக்கை அது விழுங்கிவிடும்" என்கிறார்கள். மலைநாட்டு வீதிகளுக்கு இது ஆகாத நம்பிக்கை. ப்ரொப்பெலர் ஷாஃப்ட் என்பது கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, கப்ளிங் என்பது அதன் முனையில் போல்ட் போட்டுப் பூட்டும் ரப்பர் வளையம், முறுக்கு என்பது எஞ்சின் தரும் சுழற்று விசை (டோர்க்). கிளட்சை விடும்போது வரும் உதைப்பைத்தான் ரப்பர் தணிக்கும். ஏற்றத்தில் தொடர்ந்து இழுக்கும் முறுக்கு கொஞ்சமும் குறையாமல் அதன் ஊடாகவே போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 நியூட்டன் மீற்றர் எஞ்சின், முதல் கியர் விகிதம் 4 என்றால் கப்ளிங்கிற்கு வருவது 480 நியூட்டன் மீற்றர். ஆறு துளைக் கப்ளிங்கில் கியர்பொக்ஸின் மூன்று போல்ட் தள்ளும், ஷாஃப்டின் மூன்று போல்ட் வாங்கிக்கொள்ளும். போல்ட் வட்டத்தின் விட்டம் 96 மில்லிமீற்றர் என்றால், இரு போல்டுக்கு நடுவே இழுபடும் ரப்பர்த் துண்டு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 390 கிலோ பாரம். அதே இடத்தில் 300 நியூட்டன் மீற்றர் எஞ்சினை வைத்தால் ஏறக்குறைய 980 கிலோ! இதைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே புஷ்ஷிலிருந்து (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்) புஷ்ஷிற்குச் சுற்றியிருக்கும் நூல். முதல் கியரில் வரும் முறுக்கு ஆயிரம் நியூட்டன் மீற்றரைத் தாண்டினால், ரப்பரை விட்டு இரும்பு மூட்டான யுனிவர்சல் குரோஸுக்கே போய்விடுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். மென்மை வேண்டுமானால் கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்கிலும் எஞ்சின் மவுண்டிலும் தேடலாம்.

சமதரையில் ஓடும் காருக்கு முக்கால்வாசி நேரம் ஒரே மூன்று துண்டுகள்தான் இழுபடும். ரம்பொடை, கினிகத்தேனை போன்ற மலை இறக்கங்களில் கியரில் பிடித்து இறங்கும்போது மற்ற மூன்றும் இழுபடும். விசை குறைவுதான். ஆனால் சில கப்ளிங்கில் அந்தத் துண்டுகளுக்கு நூல் குறைவு. அம்புக்குறி போட்டிருப்பது அதற்காகத்தான். அம்பு ஃபிளாஞ்சின் (கப்ளிங் பூட்டப்படும், கைகள் நீண்ட இரும்புத் தகடு) கையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆயுள்தான் குறையும்.

பூட்டும்போது ஃபிளாஞ்சுப் பக்கம் இருக்கும் தலையையோ நட்டையோ திருப்புங்கள். ரப்பர்ப் பக்கம் ஸ்பேனர் பிடித்து நிற்க மட்டும். அந்தப் பக்கத்தைத் திருப்பினால் இரும்புப் புஷ் ரப்பரையும் சேர்த்து முறுக்கிவிடும், பூட்டிய அன்றே விரிசலுக்கு வழி. செல்ஃப் லொக் நட் புதிதாகவே போட வேண்டும். சுற்றி இரும்புப் பட்டியோடு வரும் கப்ளிங்கில் எல்லா போல்டும் ஏறிய பிறகுதான் பட்டியைக் கழற்ற வேண்டும், முன்பு அல்ல. நடுவில் இருக்கும் மையப் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் மையம் தப்பிச் சுழன்று அதிரும்.

எஞ்சின் மாற்றியவர்கள் மறப்பது கோணத்தை. மவுண்ட் உயர்ந்தோ தாழ்ந்தோ போனால் கப்ளிங் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகும். ஓரிரு பாகைக்கு மேல் விடாதீர்கள். கியர்பொக்ஸின் பின் சீல் ஒழுகினாலும் ஒயில் பட்டு ரப்பர் ஊதிப்போகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய கப்ளிங் வாங்கினால் இரு கையாலும் வளைத்துப் பாருங்கள், மறைந்திருக்கும் விரிசல் புஷ்ஷைச் சுற்றி வாய் திறக்கும். நூல் வெளியே தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வாகனத்தில் பூட்டியது கெட்டுவருவதற்கு அடையாளம், ரிவர்சிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது கேட்கும் "டொக்".

பிய்ந்தால் என்ன ஆகும்? இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு அந்த நொடியே போகும், ஷாஃப்டின் முன்முனை தரைத் தகட்டை அடிக்கும். 6 மில்லிமீற்றர் தடிப்பு, 50 மில்லிமீற்றர் அகலப் பட்டை இரும்பில் ஒரு வளையம் செய்து, கப்ளிங்கிற்குச் சற்றுப் பின்னால் ஷாஃப்டைச் சுற்றி சேஸியில் பூட்டிவிடுங்கள். அதிக செலவில்லை.

பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஜீப்பில் ரப்பர் கப்ளிங் பின் ஷாஃப்டின் அச்சு முனையில் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கோ சில்லில் இல்லை, முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்புறம் இருக்கிறது. கப்ளிங்கைக் கழற்றிய நிமிடம் ஹேண்ட் பிரேக் பின்சில்லைப் பிடிக்காது. சரிவில் நிறுத்தி வேலை செய்கிறவர்கள் நான்கு சில்லுக்கும் கட்டை வைத்த பிறகே அடியில் படுக்கவும்.

இப்படிக்கு,
கராஜ் பாஸ்மார் சிலர்,
ஹட்டன்.