செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: தையல் வகுப்பு நடத்தாத ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டு எமது சங்கம் ஒரு தையல் வகுப்பைக்கூட நடத்தவில்லை. ஏன் என்று பலர் கேட்டீர்கள், சிலர் கோபத்துடனேயே கேட்டீர்கள். ஆகவே கூட்ட விபரங்களைப் பின்னுக்கு வைத்து, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

2009 இல் போர் முடிந்த பின் எமது யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வந்த பல திட்டங்கள், எமது வீடுகளுக்குள் வருமுன்னரே முடிவெடுத்துவிட்டு வந்தவை. பெண் தலைமைத்துவக் குடும்பமா, தையல் இயந்திரம். முன்னாள் போராளியா, கோழிக்கூடு. மாற்றுத்திறனாளியா, பெட்டிக்கடை. கொடுத்தவர்களின் நல்மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலணையிலும் புங்குடுதீவிலும் எத்தனை இயந்திரங்கள் மூலையில் தூசி படிந்து நிற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாண நகரக் கடைகளுக்கு வந்திறங்கும் ஆயத்த ஆடையின் விலைக்கு வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்க எவராலும் முடியாது. பாடசாலைச் சீருடையும் தீபாவளிச் சட்டையும் வந்துபோகும் சில வாரங்களை வைத்து வருடம் முழுவதும் அடுப்பு எரியாது.

நாட்டின் கொள்கையில் எழுத்துக்குக் குறைவில்லை. அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988 இலேயே பணித்தது. ஆட்சேர்ப்பில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம். 2012 இல் தேசிய மனிதவள மற்றும் வேலைவாய்ப்புக் கொள்கையும் வந்தது. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. இத்தனையும் கையிலிருக்க, ஒரு காலை இழந்த எமது அங்கத்தவர் ஒருவர் இவ்வாண்டு அலுவலகம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். தேர்வு இரண்டாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. பொதுக் கட்டடங்களை அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தவை. அவர் படியேறியே போனார். “இந்த வேலை உங்களால் இயலுமா?” என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி. அந்த நியமனம் கிடைக்கவில்லை.

இனி, நாம் செய்தது. எமது ஊரில் தொழில் தெரியாதவர்களைவிட, தொழில் தெரிந்தும் கையில் துண்டுக் கடதாசி இல்லாதவர்களே அதிகம். இருபது வருடம் மேசன் வேலை செய்தவர், படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைச் சத்தத்தை வைத்தே பழுது சொல்பவர், பாடசாலை மதிய உணவு சமைக்கும் பெண்கள். இவர்களை மறுபடி வகுப்பில் இருத்துவது வீண். ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிடம் இருக்கிறது. செய்த வேலைகளின் ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலை செய்து காட்ட வேண்டும். மொத்தம் ஏழு மட்டங்களில், கைவினைஞருக்குப் பொருந்துவன பெரும்பாலும் மூன்றும் நான்கும். சான்றிதழ் இருந்தால் ஒப்பந்தகாரரிடம் கூலி பேசலாம், வெளிநாட்டு வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். இவ்வாண்டு பதினொரு பேரின் ஆதாரக் கோவைகளை நாமே தயாரித்துக் கொடுத்தோம். கோவை தயாரிப்பதுதான் பெரும் பாடு. முப்பது வீடு கட்டிய மனிதரிடம் ஒரு புகைப்படம்கூட இருக்காது. வீட்டுக்காரர்களைத் தேடிப்பிடித்து, கடிதம் வாங்கி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் பெற்று அனுப்பினோம். ஏழு பேருக்குச் சான்றிதழ் வந்திருக்கிறது.

இரண்டாவது முயற்சி முதியோர் பராமரிப்பு. பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும், தாய் தகப்பன் புங்குடுதீவில். தீவகத்தில் இன்று உண்மையாகவே ஆள் தேடும் வேலை இதுதான், இதற்கும் தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. ஆறு பெண்கள் நகரில் பயிற்சிக்குப் பதிந்தார்கள், இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். பயிற்சி பிடிக்காமல் அல்ல. வகுப்பு முடிந்து, நகரைத் தீவகத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலம் கடந்து வீடு வந்துசேர இருட்டிவிடுகிறது, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. சித்திரைக்குப் பின் எமது முன்பள்ளிக் கட்டடத்தைப் பின்னேரங்களில் திறந்துவைத்தோம். பிள்ளைகளை நம்பி விட்டுப்போக ஓர் இடம் கிடைத்ததும் மற்ற நால்வரும் பயிற்சியை முடித்தார்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் பயிற்சிக்கே பெயர் கொடுக்காதவர்களும் உள்ளனர். அந்தப் பயத்தைச் சமாதானம் சொல்லித் தீர்க்க முடியாது, பிரதேச செயலகம்தான் எழுத்தில் பதில் தர வேண்டும்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 சித்திரை முதல் 27,000 ரூபா, 2026 தை முதல் 30,000 ரூபா. நகரக் கடைகளில் நிற்கும் எமது பிள்ளைகள் சிலர் இதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். “பழகும் காலம்” என்பது முதலாளிமார் சொல்லும் காரணம். இரண்டு வருடமாகவா பழகுவது? அவர்களுக்காகத் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுத உதவியிருக்கிறோம், விசாரணை நடக்கிறது.

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. வரவு மோசமில்லை. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பயிற்சி முடியும் நேரத்துக்கு ஏற்றபடி புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ்ஸின் மாலை நேரத்தை மாற்றக் கோரும் விண்ணப்பம் வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. போகுமுன் கையொப்பமிடுங்கள். கோவை தயாரிக்கும் உபகுழுவுக்கு எழுத்து வேலை தெரிந்த இருவர் தேவை. பெயர்களை இன்றே தாருங்கள்.

செயலாளர்