கடதாசி காயவைத்த கோயிலுக்கு

வேதக்கோயில் போதகரான ஐயர் அவர்களுக்கும், சபையாருக்கும், கோயிலில் மணியடிக்கிற அண்ணனுக்கும்,

உங்கள் கோயில் மண்டபத்து முகாமை விட்டு வரும்போதே நன்றி சொன்னோம். ஆனால் லொறி காத்துக்கொண்டு நின்றது, அம்மா அழுதுகொண்டிருந்தார், சொன்னது பாதி, விழுங்கினது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன். மழையும் மண்சரிவும் எங்கள் லயத்தை என்ன செய்தது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த நவம்பர் கடைசியில் இலங்கை மலையகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து விடிய விடிய போன் அடித்துப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

முதலில் மற்ற எல்லாருக்கும். அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கிய பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன்களுக்கு, பள்ளிவாசலிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு நடந்தே வந்தவர்களுக்கு, பன்சலையில், அந்தப் பௌத்த விகாரையில், எங்கள் ஆட்களைப் படுக்க வைத்த ஹாமுதுருவுக்கு, கொழும்பில் கடைகளில் வேலை செய்துகொண்டு சம்பளத்தைப் பிரித்து அனுப்பிய நம்ம பிள்ளைகளுக்கு, மாற்றுத் துணியையும் பெண்களுக்கு வேண்டியதையும் கேட்காமலே தனிப் பையில் போட்டுக் கொடுத்த மாதர் சங்கத்து அக்காமாருக்கு. இன்னும் பலர் இருக்கிறார்கள், பெயர் தெரியாது. எல்லாருக்கும் நன்றி.

இனி அந்த அண்ணனைப் பற்றி.

உயிர் தப்பி வந்த பிறகு அம்மா கேட்டது நகையை இல்லை, டீவியை இல்லை. "என் பெட்டி எங்கடி?" என்றுதான் கேட்டார். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்குப் புரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக் கடதாசிகள், என் பரீட்சைச் சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். 1948இல் ஒரு சட்டம் போட்டு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக ஆக்கினார்கள். 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். இங்கேயே நின்றவர்களின் கணக்கு முழுசாகத் தீர 2003 வரை போனது. அம்மாவின் பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறிப் போனதும் ஒரு கடதாசியால்தான், நாங்கள் இங்கே நின்றதும் ஒரு கடதாசியால்தான். அதனால் "பேப்பர்தானே, வேற எடுக்கலாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தம்பி, போகக்கூடாது என்று சொல்லியும் போய், சேற்றிலிருந்து பெட்டியைத் தோண்டி எடுத்து வந்தான். திறந்தால் எல்லாம் கட்டிச்சோறு மாதிரி ஒட்டிப்போய் இருந்தது. அம்மா பிரிக்கப் பார்த்தார், ஒரு மூலை கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் மணியடிக்கிற அண்ணன் வந்தார். "டீச்சர், அம்மாவ அதுல கை வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். உள்ளே போய்ப் பித்தளைக் காணிக்கைத் தட்டை எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் காசு போடுகிற அதே தட்டு. அதில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருந்த கட்டை அப்படியே மிதக்க விட்டார். சேறு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஓரம் விட்டுக் கொடுத்த பிறகு, அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் செருகி ஒவ்வொரு தாளாகத் தூக்கினார். பேனா மையால் எழுதினதை மட்டும் தண்ணீரில் போடவில்லை. ஒரு மூலையில் ஈரத்துணியை ஒற்றிப் பார்த்தார், மை துணியில் ஏறியது, அதனால் அதைத் தனியாக வைத்து வெறும் துணியால் ஒற்றி ஒற்றியே எடுத்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றதாம். இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்பு ஒரு மழைக்குக் கோயில் கூரை ஒழுகி ஞானஸ்நானப் பதிவேடு நனைந்ததாம், அப்போதிருந்த ஐயர் சொல்லிக் கொடுத்தாராம்.

பிறகு தாள்களைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வாங்குகளில் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம். இதைப் பார்த்துப் பக்கத்து லயத்து ஆட்கள் தங்கள் பைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு மேல் டிவிசன்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உட்கார ஒரு வாங்கு இல்லை. அடையாள அட்டை, விவாகப் பதிவு, கிளினிக் கொப்பி, ஒரு சின்னப் பிள்ளையின் சாதகம், ஒருவருடைய ஆயுள்வேத மருந்துச் சீட்டுகூட. அண்ணன் ஒரு கொப்பியில் எந்த வாங்கில் யாருடைய கடதாசி என்று எழுதி வைத்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத் தாள் திருப்புகிற வேலை கொடுத்தார். முகாமில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அந்தக் குளிரிலும் பனியிலும் ஒரு தாள் காய்வது எவ்வளவு பெரிய பாடு என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஞாயிறு வந்தது. சபையின் பெரியவர் ஒருவர், ஆராதனை முடியும் வரைக்குமாவது இவற்றை எடுத்து வைக்கலாமே என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அது அவர்கள் கோயில், அது அவர்கள் நாள், அவர்களிலும் வீடு போனவர்கள் இருந்தார்கள். ஐயர் ஒரு தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம். எடுத்தா கிழியும். நாம வெளிய நிப்போம்" என்றார். சரி என்று அந்தப் பெரியவரே முதலில் வெளியே போனார். முழுச் சபையும் விறாந்தையிலும் படியிலும் நின்று பாடியது. நற்கருணையும் அங்கேதான் கொடுத்தார்கள். நான் உள்ளே தாள் திருப்பிக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்டது. எருசலேமில் முதல் சபையிலேயே ஒரு சண்டை வந்ததாம். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று முறைப்பாடு. அப்போஸ்தலர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்து அந்த வேலையைக் கொடுத்தார்களாம். சாப்பாடு பங்கிடுகிற வேலைக்குக் கைவைத்து ஜெபமா என்று எனக்கு ஆச்சரியம். பிரசங்கம் சின்னதுதான், குளிர் அப்படி.

நான் மாரியம்மன் கோயில்காரி. சபையின் வேலை எது என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் மண்டபத்தில் இருந்தபோது அதைப் பற்றி ஒரு வாக்குவாதம் காதில் விழுந்தது. நற்செய்தி சொல்வதுதான் சபையின் வேலை, நிவாரணம் அரசாங்கத்தின் வேலை என்றார் ஒருவர். சோறு போட்டால் போதும், பிரசங்கம் எதற்கு என்றார் இன்னொருவர். வாங்கிச் சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இவர்கள் காலையும் இரவும் ஜெபித்தார்கள், எங்கள் பெயரைச் சொல்லியும் ஜெபித்தார்கள். ஆனால் போர்வையோடு துண்டுப்பிரசுரம் வரவில்லை, சாப்பாட்டு வரிசையில் யாரும் மதம் கேட்கவில்லை. அந்த ஜெபத்திலிருந்துதான் இந்தக் கை வந்தது என்று எனக்குத் தோன்றியது. இரண்டையும் வெட்டிப் பிரிக்கச் சொன்னால் அண்ணனுக்கே புரியாது.

அம்மாவின் தலைமுறைக்கு வேதக்கோயில் என்றால் வெள்ளைக்காரத் துரைமார் கோயில். அதுவும் பொய்யில்லை. டிக்கோயா வார்லி கோயில் மாதிரி, தோட்டத் துரைமார் தங்களுக்கென்று கட்டியவை உண்டு. எங்கள் ஆட்களுக்கென்று 1854இல் தொடங்கின மிஷனுக்கே 'தமிழ்க் கூலி மிஷன்' என்றுதான் பெயர், அதற்குக் காசு கொடுத்ததில் தோட்ட முதலாளிகளும் இருந்தார்கள். சம்பளம் கொடுக்கிறவனும் காணிக்கை கொடுக்கிறவனும் ஒரே ஆள் என்றால் கூலிக்காரன் பக்கம் பேசுவது கஷ்டம்தானே. அப்புறம் காலம் மாறியது. கத்தோலிக்கர் பக்கம் போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமையைப் பேசினார். 2023இல், நம்ம ஆட்கள் வந்து 200 வருஷம் ஆனதற்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது கிறிஸ்தவ சபைகளும் கூட நடந்தன. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அம்மா நம்பியது காணிக்கைத் தட்டைப் பார்த்த பிறகுதான்.

ஐயர் அவர்களே, நான் உங்கள் சபையில் சேரப் போவதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டுத் தாருங்கள். தொலைந்த பத்திரங்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும், பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதவும் நான் வந்து உட்காருகிறேன். வரிசை முடியும் வரைக்கும் வருவேன்.

இதைப் படிக்கிற நம்ம தோட்டத்து ஆட்களுக்கு ஒரு விஷயம். இன்னும் யாரும் கேட்டு வராத பத்திரங்கள் சில கோயிலில் இருக்கின்றன, பெரும்பாலும் மேல் லயத்துக் குடும்பங்களுடையவை. உறவுக்காரர்கள் யாராவது இருந்தால் போய் அண்ணனைப் பாருங்கள், கொப்பியில் பெயர் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். காலையில் அவருக்குத் தேயிலை மலையில் மருந்தடிக்கிற வேலை.