மலையால இறங்கி எங்க போறது?

டோட்முண்ட்,
16 நவம்பர் 2025

அன்புள்ள மச்சான்,

உன்னுடைய கடிதம் போன கிழமை வந்தது. கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோசம். மருந்து விடுவதைப் பாதியில் நிறுத்திப்போடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மூத்தவள் வேலை கிடைத்துக் கொலோனுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் மனிசியும் ரிவியும்தான்.

"உன்னோடை குசினியில நிக்கிற அந்தக் குர்திஷ்காரன், இயக்கத்தைக் கலைச்சதுக்கு என்ன சொல்லுறான்?" என்று கேட்டிருந்தாய். துருக்கி அரசோடு சண்டை பிடித்த குர்திஷ் இயக்கம் பி.கே.கே.யைத்தான் சொல்கிறாய். இரண்டு வரியில் பதில் போடலாம் என்று இருந்தேன். பேப்பரை எடுத்த பிறகுதான் அது நடக்காது என்று விளங்கியது.

யூலை 11ஆம் திகதி பி.கே.கே. ஆட்கள் துவக்குகளை எரித்ததை வேலைத்தலத்தில் அவனுடைய போனில்தான் பார்த்தோம். வட ஈராக்கில் சுலைமானியாப் பக்கம் ஜாசனா என்றொரு குகை. 1923ல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டபோது குர்திஷ் தலைவர் ஷேக் மஹ்மூத்தின் ஆட்கள் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரிகை அடித்த இடம் அது. ஆண்களும் பெண்களுமாக 30 பேர் வரிசையாக இறங்கி வந்தார்கள். கீழே ஒரு பெரிய கிடாரம். ஒவ்வொருவராகத் துவக்கை அதற்குள் வைத்தார்கள், பிறகு நெருப்பு வைத்தார்கள். அறிக்கையைத் துருக்கி மொழியில் ஒருதரம், குர்திஷில் ஒருதரம் வாசித்தார்கள். ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை, அதைக் கவனி. கையளித்திருந்தால் அதற்குப் பெயர் சரணடைவு. நான் இதைச் சொல்ல, அவன் வெங்காயம் வெட்டுகிற கையை நிறுத்தாமல், "அது சரி, இந்த முப்பது பேரும் இனி எங்க போவினம்?" என்று கேட்டான்.

வீட்டுக்குப் போகவில்லை. திரும்ப மலைக்குத்தான் போனார்கள்.

அந்தக் கேள்வி அவனுக்குச் சும்மா வந்ததில்லை. 2009 ஒக்டோபரில், எங்களுக்கு எல்லாம் முடிந்து ஐந்து மாதம், வட ஈராக்கில் இயக்கத்தின் தளமான கண்டில் மலையில் இருந்தும் மஹ்மூர் அகதி முகாமில் இருந்தும் 34 பேர் ஹாபூர் எல்லையால் துருக்கிக்குள் வந்தார்கள். சமாதானத்துக்கு நல்லெண்ணம் காட்ட அனுப்பப்பட்டவர்கள். சனம் ஆயிரக்கணக்கில் திரண்டு வரவேற்றது. முதலில் விட்டார்கள். துருக்கியர் பக்கம் கோபம் கிளம்பியதும் வழக்குப் போட்டார்கள். சிலர் சிறைக்குப் போக, சிலர் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். இப்போது ஒக்டோபர் 26ஆம் திகதி, துருக்கிக்குள் மிச்சம் இருக்கும் ஆட்களையும் ஈராக் பக்கம் எடுக்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். இறங்கி வருகிறவனை எந்தச் சட்டத்தின் கீழ் ஏற்பது என்று அங்காரா இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

அவனுடைய ஊர் தியார்பகிர் மாகாணத்தில் லிஜே பக்கம். 1978 நவம்பர் 27ஆம் திகதி தலைவர் ஒஜலானும் கூட்டாளிகளும் பி.கே.கே.யைத் தொடங்கிய கிராமமும் அதே லிஜே பகுதிதான். (கார்த்திகை 27, எங்கட மாவீரர் நாள்! நான் சொன்னபோது அவன் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்தான்.) 1984 ஓகஸ்ட் 15இல் எரூ, செம்தின்லி என்ற இரண்டு சிறு பட்டணங்களைத் தாக்கிச் சண்டையைத் தொடங்கினார்கள். அடுத்த வருசமே அரசாங்கம் ஊர்க்காவல் படை அமைத்தது. கிராமத்து ஆட்களுக்கே சம்பளமும் துவக்கும் கொடுத்து இயக்கத்துக்கு எதிராக நிறுத்துவது. உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. துவக்கை வாங்கினால் இயக்கம் சுடும், வாங்காவிட்டால் ஆமி ஊரைக் காலி பண்ணும். இவனுடைய ஊர் வாங்கவில்லை. தொண்ணூறுகளில் அப்படி வெறுமையாக்கப்பட்ட கிராமங்களும் குடியிருப்புகளும் 3,000 வரை. அவன் சொல்வதில் எனக்கு மறக்காதது ஒன்று: வீடுகளுக்கு நெருப்பு வைக்க முதல் ஆமிக்காரன் ஒருவன் இவனுடைய தாயிடம் மெல்லக் குர்திஷில் சொன்னானாம், "அம்மா, மாவையும் கம்பளியையும் எடுங்கோ" என்று. கட்டாயச் சேவைக்கு வந்த குர்திஷ் பெடியன். இவனுடைய மச்சான் ஒருவனும் அதே காலத்தில் துருக்கி ஆமியில் சேவை செய்தவன். தமையன் மலையில்.

ஆனபடியால் அவனை முழு ஆதரவாளன் என்று நினைத்துவிடாதே. 1993இல் முதல் யுத்த நிறுத்தம். ஜனாதிபதி ஓசால் பேசலாம் என்ற மனநிலையில் இருந்தவர், ஏப்ரலில் செத்துப்போனார். மே 24இல் பிங்கோலில் பஸ்ஸை மறித்து, ஆயுதமில்லாத 33 சிப்பாய்களை இறக்கிச் சுட்டார்கள். "அந்த ரோட்டில எங்கட இருவது வருசத்தையும் சேர்த்துத்தான் சுட்டவங்கள்" என்பான். கிராமத்துக்கு வந்த வாத்திமாரைச் சுட்டது, ஊர்க்காவல்காரரின் பிள்ளை குட்டிகளைக் கொன்றது எல்லாம் அவன் தானாகவே கதைப்பான், நான் கேட்க வேண்டியதில்லை. எங்கட ஆட்களில் எத்தனை பேர் இப்படிக் கதைப்பினம், சொல்லு பார்ப்பம்.

அங்கே தாய்மார் இரண்டு இடத்தில் குந்தியிருக்கிறார்கள். இஸ்தான்புல் கலாத்தாசராய் சதுக்கத்தில் 1995 மே மாதத்தில் இருந்து சனிக்கிழமைத் தாய்மார். கூட்டிக்கொண்டு போன பிள்ளை எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்கிறவர்கள். தியார்பகிரில் 2019இல் இருந்து இன்னொரு கூட்டம், குர்திஷ் கட்சி அலுவலக வாசலில். மலைக்குக் கொண்டு போன பிள்ளையைத் திருப்பித் தா என்று இயக்கத்தைக் கேட்கிறவர்கள். முதல் கூட்டத்தைப் பொலிஸ் அடித்துக் கலைத்தது, இரண்டாவது கூட்டத்தை அமைச்சர்மார் போய்ப் பார்த்தார்கள். இந்த ஓகஸ்டில் பாராளுமன்றம் அமைத்த குழு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்டது. அதை நல்ல காரியம் என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளைகளைச் சண்டையில் பறிகொடுத்த சமாதானத் தாய்மாரில் ஒருவர் குர்திஷில் பேச வெளிக்கிட்டபோது விடவில்லை. அதே பாராளுமன்றத்தில் 1991இல் லேலா சானா என்ற குர்திஷ் எம்.பி. பதவிப்பிரமாணத்தின் முடிவில் குர்திஷில் ஒரேயொரு வசனம் சொன்னார். சபை கத்திக் குழறியது. 1994இல் சிறை, வெளியே வந்தது 2004இல். 34 வருசம் கழித்து, சமாதானம் பேசவென்றே போட்ட குழுவில், பெற்ற தாய்க்கு வாய் திறக்க விடவில்லை என்றால் நான் என்னவென்று நம்புவது? ஒஜலானைப் பாராளுமன்றத்துக்கு வந்து பேசட்டும் என்று போன வருசம் சொன்னவர் துருக்கித் தேசியவாதிகளின் தலைவர் பாச்செலி. அதைக் கேட்டு நானும் வாயைப் பிளந்தேன். சிரியாவில் நடக்கிற மாற்றம், அடுத்த தேர்தல், எர்டோகனின் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். இருக்கட்டும், கணக்கில் வந்த சமாதானமும் சமாதானம்தான்.

தமையனைப் பற்றி அவன் இந்த வருசம்தான் முழுதாகச் சொன்னான். 2013க்குப் பிறகு பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் அங்கங்கே தாட்ட உடல்களை எடுத்துவந்து பிட்லிஸ் மாகாணத்தில் கர்சான் என்ற மயானத்தில் வைத்தார்கள். தமையனும் அதில் ஒருவன். தாய் இரண்டு முறை போய்க் கல்லைத் தடவிவிட்டு வந்தா. 2017 கடைசியில் அரசாங்கம் அந்த மயானத்தைக் கிண்டி 250க்கும் மேற்பட்ட உடல்களை இஸ்தான்புல்லுக்கு ஏற்றியது. பிறகுதான் தெரிந்தது, பிளாஸ்ரிக் பெட்டிகளில் போட்டுக் கிலியோஸ் மயானத்தில் நடைபாதைக்குக் கீழே அடுக்கியிருக்கிறார்கள் என்று. கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்ததை நீ பார்த்தவன், இதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. மரபணுச் சோதனைக்குத் தாய் இரத்தம் கொடுத்தா. பதில் இல்லை. துவக்கு எரிந்ததைக் காட்டியபோது மனுசி கேட்டது ஒன்றே ஒன்றாம்: "இனி அந்தப் பெட்டியைத் தருவினமோ?"

அவையளும் நாங்களும் ஒன்று என்று நீ எழுதியதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் நாலு நாட்டில் கிடக்கிறார்கள். தலைவர் ஒஜலான் 1999இல் இருந்து இம்ராலித் தீவுச் சிறையில் உயிரோடு இருக்கிறார், கலை என்று அவர் சொன்னதும் கலைத்தார்கள். பாராளுமன்றத்தில் அவர்களுக்கென்று பெரிய கட்சி இருக்கிறது. எங்களுக்கு நடந்த மாதிரி ஒரு முடிவு அவர்களுக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். 40,000 பேருக்கு மேல் செத்தது போதும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017இல் இருந்து குந்தியிருக்கிற அம்மாமாரைப் பற்றி நான் சொல்ல, அவன் தன் தாய்க்குப் போனில் சொல்லியிருக்கிறான். வெயிலுக்கு அவைக்குக் கூரை இருக்கோ என்று மனுசி கேட்டதாம். உனக்குத் தெரிந்தால் எழுது, சொல்லிவிடுகிறேன்.

வாற மார்ச்சில் குர்திஷ் புதுவருசமான நெவ்ரோஸுக்குத் தியார்பகிர் போகப் போகிறான். தாய் இருக்கிறது பாக்லாரில், ஊரை விட்டு ஓடி வந்த சனம் நெருங்கிக் குடியிருக்கிற பகுதி. என்னையும் வா என்கிறான். மனிசிக்குத் துப்புரவாக விருப்பமில்லை. எனக்கு ஆசையும் பயமும் சரிபாதி. ரிக்கெற் இப்ப போட்டால் மலிவு. உன்ர கருத்தை இந்த மாதம் முடிய முதல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்