இன்னும் ஒன்பது கிணறு: சுற்றுச்சுவர்ப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

வேடியப்பன் துணை

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, ஓசூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளே, வணக்கம்.

யானைகள் தவறி விழாமல் இருக்க, காட்டோரக் கொல்லைகளில் இருக்கும் 23 தரைமட்டக் கிணறுகளுக்கும் ஒரே வருடத்தில் சுற்றுச்சுவர் கட்டிவிடுவோம் என்று போன ஆவணியில் எழுதியிருந்தோம். முடியவில்லை. 14 கட்டியாகிவிட்டது, 9 பாக்கி. ராகி கதிர் முற்ற இரண்டு மாதம்தான் இருக்கிறது. கர்நாடகத்துப் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் கொத்தனார் வரமாட்டார். மழை பிடித்துவிட்டால் கடைக்கால் தோண்டவும் முடியாது. புரட்டாசிக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

நம் ஊர் நேற்று முளைத்த ஊர் இல்லை. ஏரிக்கரை வேடியப்பன் யாரென்று பிள்ளைகளைக் கேட்டால் சாமி என்பார்கள். அடுத்த முறை விளக்கு வைக்கப் போகும்போது கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். எண்ணெய் பூசிப் பூசி முகம் மழுங்கிவிட்டது. ஆனாலும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியும், அதன் வயிற்றில் இறங்கும் குத்துவாளும் தெரியும். மாட்டு மந்தையைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல் அது என்பது நம் பாட்டன்மார் சொன்னது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படிப்பட்ட புலிகுத்திக் கற்கள் நிறைய உண்டு. இன்று நம் ஊர்ப் பக்கம் புலியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. சிவிங்கிப்புலி இந்தியாவிலேயே இல்லை என்று 1952-ல் அறிவித்தார்கள். நம்மிடம் மிஞ்சியிருக்கும் பெரிய உயிர் யானைதான்.

தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியமானை ஔவையார் பாடியபோது, ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, நீர்த்துறையில் சும்மா படுத்திருக்கும் களிற்றோடு அவனை ஒப்பிட்டார். (இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் இரண்டு கூட்டத்தில் சொன்னார்கள். எழுதிவிட்டோம்.) அப்படிப் பெயர் வாங்கிய மண் இது.

இந்தக் கிணறுகளும் நம் தாத்தாக்கள் பாறைக்கு வெடி வைத்து வெட்டியவைதான். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் மாடும் ஆளும் நடந்து நடந்து கிணற்றைச் சுற்றித் தரை வெளுத்துக் கிடக்கும். போர்வெல் போட்ட பிறகு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டோம். உண்ணிச்செடி மூடிவிட்டது. ராத்திரியில் டார்ச் அடித்து, வெடி போட்டு யானைகளை விரட்டுகிறோம். குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஓடும் கூட்டத்துக்கு அந்தப் பள்ளம் எப்படித் தெரியும்?

2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி பக்கம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விடிவதற்கு முன்னால் கிணற்றில் விழுந்த பெண் யானையைத் தண்ணீரை இறைத்து, மயக்க ஊசி போட்டு, பெல்ட் கட்டி, கிரேன் வைத்துத் தூக்கி முடிக்க இரவாகிவிட்டது. கஜேந்திரன் “ஆதிமூலமே” என்று கூப்பிட்டதும் பெருமாள் கருடன்மேல் வந்தார். இங்கே கிரேன் வர வேண்டும், அதற்கு முதலில் பாதை வேண்டும். நம் ஒன்பது கிணறுகளில் ஆறுக்கு வண்டிப் பாதையே கிடையாது.

சுவர் கட்டினால் யானை இடித்துத் தள்ளிவிடாதா என்று கேட்கிறார்கள். போன மார்கழியில் நாவல்மரத்துக் கிணற்றைப் போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கூட்டத்தின் தடம் நேராகக் கிணற்றை நோக்கி வருகிறது. சுவருக்கு மூன்று முழம் முன்னால் நின்று, சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மேல்வரிசைக் கல்லில் துதிக்கை பட்ட இடத்தில் சேறு காய்ந்து கிடந்தது. பெரிய தடங்களுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு குட்டித் தடம். 22 மாதம் வயிற்றில் சுமந்து பெற்ற குட்டி அது.

சரி, கணக்குக்கு வருவோம். பெரிய கிணறு ஒன்றுக்குக் கருங்கல் 38,000, சிமெண்ட்டும் எம்-சாண்டும் 27,000, கூலி 31,000, வண்டி வாடகை 6,000, ஆக 1,02,000 ரூபாய். பெரியது ஐந்து, 5,10,000. சிறியது நான்கு, தலா 70,000 வீதம் 2,80,000. மொத்தம் 7,90,000. கையிருப்பு 2,65,000. துண்டு விழுவது 5,25,000 ரூபாய்.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கமிட்டி கைகூப்பி நன்றி சொல்கிறது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகள் 11 பேர் ஆளுக்கு மூன்று நாள் கூலியை அனுப்பினார்கள். பால் சொசைட்டிப் பணத்தில் மாதம் 101 ரூபாய் தவறாமல் கொடுக்கும் மேலத்தெருப் பாட்டி, பெயர் எழுதினால் அடுத்த மாதம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிராக்டர் கொடுத்த அண்ணன் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். நாவல்மரத்துக் கிணற்றைக் கட்டிய கொத்தனார் கடைசி நாள் கூலியை வேடியப்பன் உண்டியலில் போட்டுவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகள் மண் உண்டியலை உடைத்து 1,340 ரூபாயைச் சில்லறையாகக் கொண்டுவந்தார்கள். எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது, அதையும் அவர்களே எண்ணினார்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பண்டிகை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரே ராத்திரியில் 1,80,000 ரூபாய் சேர்த்த ஊர் இது. பாக்கி ஒன்பது கிணற்றுக்காரர்களில் நான்கு பேர் இன்னும் “பார்க்கலாம்” என்றுதான் சொல்கிறார்கள். கிணறு உங்களுடையது, அதில் விழுந்து சாகும் உயிரின் பழி ஊருக்கு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் வேலியில் விட்ட மின்சாரத்தில் மூன்று பெண் யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றதை மறந்துவிட்டோமா? அந்தப் பேச்சு நம் ஊருக்கு வர வேண்டாம். வேலிக்குக் கம்பி இழுக்க யோசிப்பவர்கள் இருந்தால் அந்தக் காசை இங்கே கொடுங்கள்.

பணம் முடியாதவர்கள் ஒரு நாள் ஆள் வேலைக்கு வரலாம், ஒரு நடை கல் ஏற்றித் தரலாம், வேலையாட்களுக்குக் கூழ் ஊற்றலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் 10 வரை ஏரிக்கரைக் கோயில் திண்ணையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். கணக்கு நோட்டும் அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். முதல் லோடு கல் இறங்கிவிட்டது. வரும் புதன்கிழமை பாறைமேட்டுக் கிணற்றில் கடைக்கால் தோண்டுகிறோம், மண்வெட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கிணற்றுச் சுற்றுச்சுவர் கமிட்டியார்