நாலு டிஸ்க், ஒரு பந்தி

மதுரை,
வியாழன் இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்க விடாதே, என் மாமியார் இரண்டாவது வாரமே "எல்லாம் சரியாப் போச்சு" என்று நிறுத்திவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வைத்தார். இங்கே மகள் பிளஸ் டூ. வீட்டில் டிவி சத்தம் இல்லை, என் சத்தமும் இல்லை.

பதில் எழுதாமல் இழுத்தடித்ததற்கு ஒரு டிஸ்க்தான் காரணம். கதையைச் சொல்கிறேன், நீ சிரிப்பாய்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் ஆபீஸ் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு கம்ப்யூட்டர். எல்லாவற்றின் பேக்கப்பும் இரவில் ஒரு பழைய சர்வருக்குப் போகும். அதில் நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி. பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் புரோகிராமைப் போட்டு நாலையும் ஒரே ஃபோல்டராகக் காட்டியிருக்கிறேன். தினமும் ஆர்சிங்க் என்ற காப்பி புரோகிராம் ஓடி அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கும். மாறாத ஃபைல்களை மறுபடி காப்பி செய்யாமல் நேற்றைய ஃபைலுக்கே ஹார்ட் லிங்க், அதாவது இன்னொரு பெயர், போட்டுவிடும். மூன்று வருஷமாக நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 30 நெருங்குகிறது, டேக்ஸ் ஆடிட் கடைசி நாள். ஆபீஸில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. அந்த வாரம் பார்த்து ஒரு காலை மெயில்: பேக்கப் தோல்வி, டிஸ்கில் இடம் இல்லை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. பாதி காலியாக இருக்கிற சர்வர் இடமில்லை என்கிறது!

முதலில் ஐநோடு (ஃபைலுக்கு ஒன்று என்று டிஸ்க் வைத்திருக்கும் பதிவு) தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். அது பத்து சதவீதம்கூட இல்லை. ஹார்ட் லிங்க் எத்தனை போட்டாலும் ஐநோடு ஒன்றுதானே. அடுத்து, அழித்த ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அப்புறம்தான் புத்தி வந்து, மொத்தத்தை விட்டுவிட்டு டிஸ்க் டிஸ்காகப் பார்த்தேன். முதல் டிஸ்க் 100, இரண்டாவது 57, மூன்றாவது 50, மே மாதம் புதிதாகச் சேர்த்த நாலாவது வெறும் 1.

டிஸ்க் பழுது, கேபிள் பழுது என்றெல்லாம் மனசு ஓடியது. எதுவும் பழுதில்லை. மெர்ஜர்எஃப்எஸ்ஸில் புதிய ஃபைலை எந்த டிஸ்கில் வைப்பது என்பதற்கு ஒரு கொள்கை உண்டு. நான் செட்டிங்கில் அதைப் பற்றி எதையும் எழுதவில்லை. அதனால் என் பதிப்பில் வழக்கமாக வருவதையே எடுத்துக்கொண்டது: அந்த ஃபோல்டர் ஏற்கெனவே எந்த டிஸ்கில் இருக்கிறதோ, அதில்தான் வைக்கும். கல்யாணப் பந்தியில் ஒருவர் நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரங்க உட்கார்ந்திருக்கிற வரிசைக்கே போங்க" என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? முதல் வரிசையில் இலை போட இடம் இருக்காது, கடைசி வரிசையில் ஈ ஓட்டலாம். என் பேக்கப் ஃபோல்டர் முதல் நாள் முதல் டிஸ்கில் பிறந்தது, அதன் குடும்பம் முழுவதும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் மூன்றிலும் இருப்பது நான் கையால் கொண்டுபோய் வைத்த பழைய வவுச்சர் ஸ்கேன்கள். நாலாவதில் அந்த ஃபோல்டரே இல்லை, பிறகு யார் போய் உட்காருவார்கள்? முதல் டிஸ்கில் மிச்சம் 4 ஜிபிக்குக் கீழே இறங்கியதும் மெர்ஜர்எஃப்எஸ் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டது. வேறு போக்கிடம் இல்லை. அதனால் இடமில்லை என்றது. அதன் வரையில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன். அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். சீனியர் ஆடிட்டரின் கம்ப்யூட்டர் 240 ஜிபி. அதன் மிகப் பழைய பத்துத் தேதிகளை மட்டும் நாலாவது டிஸ்குக்கு ஒரு ஸ்கிரிப்ட் போட்டு, ஒவ்வொரு தேதியாக நகர்த்தச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நாலாவது டிஸ்க் 60 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. முதல் டிஸ்க்? 100 இருந்தது 99 ஆகியிருந்தது.

நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். ஹார்ட் லிங்க் என்பது ஒரே ஆளுக்குப் பத்துப் பெயர். நான் பத்துப் பெயரை அழித்தேன், பிறகு வந்த தேதிகளில் மிச்சப் பெயர்கள் இருந்ததால் ஆள் வீட்டைக் காலி செய்யவில்லை. அந்தப் பக்கமோ, ஹார்ட் லிங்க் டிஸ்க் விட்டு டிஸ்க் தாவாது; ஒவ்வொரு தேதியும் தனித்தனி முழு ஆளாகப் போய் இறங்கியது. பத்து முறை 240, ஏறக்குறைய 2.4 டிபி. இல்லாத டேட்டாவை நானே உண்டாக்கி வைத்தேன். ஃபோல்டரின் அளவைச் சொல்லும் டியூ கட்டளையும் என்னை ஏமாற்றியது என்று சொல்லலாம். ஒரு தேதி ஃபோல்டரை மட்டும் கேட்டால் 240 என்கிறது, எல்லாத் தேதிகளையும் சேர்த்துக் கேட்டால் 310 என்கிறது. இரண்டுமே சரி. நான்தான் முதல் பதிலை நம்பி, பத்தை எடுத்தால் 2.4 டிபி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன்.

அன்றிரவு பேக்கப் ஓடியாக வேண்டும். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 முறை, ஒவ்வொரு டிஸ்கிலும் ரூட் என்கிற நிர்வாகிக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கி வைக்குமே, அது ஞாபகம் வந்தது. பேக்கப் டிஸ்குக்கு எதற்கு அவ்வளவு? முதல் டிஸ்கில் அதை 1 சதவீதமாகக் குறைத்ததில் ஏறக்குறைய 145 ஜிபி கிடைத்தது. அரிசிப் பானையின் அடியில் பாட்டி ஒளித்து வைத்த காசு மாதிரி. அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு நிதானமாகச் செய்தேன். நாலாவது டிஸ்கில் நான் கொட்டிய குப்பையை அழித்தேன். ஆர்சிங்கில் ஹார்ட் லிங்கைக் காக்கிற பெரிய ஹெச் ஆப்ஷன் கொடுத்து, சில கம்ப்யூட்டர்களை, ஒவ்வொன்றின் அத்தனை தேதிகளையும் ஒரே ஓட்டத்தில், மற்ற டிஸ்குகளுக்கு அனுப்பினேன். ஒரே ஓட்டம் என்பது முக்கியம். ஒரு ஓட்டத்துக்குள் வரும் பெயர்களைத்தான் அது ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும். மெமரியை நன்றாகத் தின்றது. அனுப்பி முடித்து, இரண்டு பக்கமும் டியூ ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம்மோடு இன்னொரு வெள்ளோட்டம் விட்டு, அதன் பிறகுதான் பழையதை அழித்தேன். அந்தப் பத்துத் தேதிகள் போனது போனதுதான். அவை இரண்டு வருஷம் பழையவை, யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நானும் வாய் திறப்பதாக இல்லை.

மூல காரணத்துக்கான வைத்தியம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு டிஸ்கிலும் அதே பெயரில் காலி பேக்கப் ஃபோல்டர். இனி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தால் எதில் இடம் அதிகமோ அங்கே தன் ஃபோல்டரைப் போட்டுக்கொள்ளும்.

இங்கேதான் உன்னோடு வாதாட வேண்டும். கொள்கையையே மாற்றி, ஃபோல்டர் எங்கே இருந்தாலும் சரி, அதிக இடம் உள்ள டிஸ்கில் வை என்று சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லலாம்தான். அப்போது ஹார்ட் லிங்கும் உடையாது, மூல ஃபைல் இருக்கிற டிஸ்கிலேயே லிங்க் போட்டுவிடும். நாலு டிஸ்கும் கோடு போட்ட மாதிரி நிரம்பும். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பேக்கப்பும் நாலு டிஸ்கிலும் சிதறிக் கிடக்கும். ஒன்று செத்தால் இருபத்திரண்டு பேருக்கும் ஓட்டை விழும். இப்போதுள்ள முறையில் ஒன்று செத்தால் ஐந்தாறு பேருக்கு முழுதாகப் போகும், மற்றவர்களுக்கு ஒரு ஃபைல்கூடக் குறையாது, அந்த ஐந்தாறு பேருக்கும் அன்றிரவே புதிதாக ஒரு முழு பேக்கப் எடுத்துவிடலாம். அதனால் 71, 64, 58, 40 சதவீதம் என்று கோணலாக நிற்பதை அப்படியே விட்டுவிட்டேன். முதலாளி ஸ்கிரீனைப் பார்த்து "ஏன் ஒரே மாதிரி இல்லை?" என்றார். விளக்கினேன். புரிந்ததா தெரியவில்லை, "சரி சரி" என்றார்.

கிண்டியில் நைட் ஷிப்டில் நாம் டேப் மாற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்டிஓ-3, ஒரு டேப்புக்கு 400 ஜிபி. நிரம்பினால் அடுத்ததைச் செருகு, லேபிள் ஒட்டு, டீ குடிக்கப் போ. நீ ஒருமுறை லேபிளை மாற்றி ஒட்டி, அதற்கு நான் திட்டு வாங்கியதை இன்னும் மறக்கவில்லை.

ஒரு சந்தேகம். முதல் டிஸ்க் 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் கெட்ட செக்டர் இன்னும் ஒன்றுமில்லை. மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஓடுகிற வரை ஓடட்டும் என்கிறார் முதலாளி. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
நைட் ஷிப்ட் கூட்டாளி